கார்பன் டை ஆக்சைடு பிரித்தெடுப்பு இயந்திரம்: அலாரம் அடிக்கும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறு

காபிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்கவும், நறுமணப் பொருள்களிலிருந்தும் மூலிகைகளிலிருந்தும் சாறு எடுக்கவும் உயர் அழுத்தக் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தும் ஆலைகள் பல நாடுகளில் ஓடுகின்றன. இந்தக் கரைப்பான் தீப்பிடிக்காது, பொருளில் தங்காது. அதனால்தான் இதற்கு இத்தனை மவுசு. ஆனால் இயந்திரத்தை ஓட்டுபவர்களுக்குத் தலைவலி கொடுப்பது கட்டுப்பாட்டுத் திரையில் வரிசையாக வந்து விழும் அலாரங்கள். "பம்ப் ஓட்டம் குறைவு" என்று திரை சொல்லும். பம்பைப் பிரித்து சீல் மாற்றுவார்கள். மறுநாளும் அதே அலாரம் வரும். கடைசியில் பார்த்தால் சில்லரின் (திரவத்தைக் குளிர்விக்கும் கருவியின்) வடிகட்டி அடைத்திருக்கும்.

இதைக் கவனக்குறைவு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. இங்கே ஒரே பொருள் மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஓரிடத்தில் உண்டாகும் கோளாறு சில கட்டங்கள் தள்ளி, வேறோர் இடத்தில்தான் தலைகாட்டும். அலாரம் பிடிப்பது தலைகாட்டிய இடத்தை. காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போக, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். அது கைவந்துவிட்டால், ஸ்பானரை எடுக்கும் முன்பே பல அலாரங்களின் மூலத்தைச் சொல்லிவிடலாம்.

சுற்று எப்படி ஓடுகிறது

ஆலைக்கு ஆலை அமைப்பு கொஞ்சம் மாறும். அடிப்படை வரிசை இதுதான்:

1. சேமிப்புத் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. தொட்டி 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் உள்ளே சுமார் 57 பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்).
2. சில்லர் அந்தத் திரவத்தை 5 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறது.
3. பம்ப் அதை இழுத்து 250, 300 பார் அழுத்தத்துக்குத் தள்ளுகிறது.
4. ஹீட்டர் 40 முதல் 60 டிகிரி வரை சூடாக்குகிறது.
5. மூலப்பொருள் தூள் நிரப்பிய கலன் வழியாக அது பாய்ந்து, வேண்டிய பொருள்களைக் கரைத்துக்கொள்கிறது.
6. அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு அழுத்தத்தை 50 முதல் 60 பாருக்கு இறக்குகிறது.
7. செப்பரேட்டரில் சாறு கீழே தங்குகிறது, கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மேலே போகிறது.
8. கண்டென்சர் அந்த வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கித் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஐந்தாவது கட்டத்தில் இருப்பது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. 31 டிகிரி, 73.8 பார் என்ற மாறுநிலைப் புள்ளியைத் தாண்டிய சூப்பர்கிரிட்டிக்கல் நிலை அது. இப்படி ஒரு எல்லை உண்டு என்பதை 1869-ல் தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கிக் காட்டியதே கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான். அந்த நிலையில் அதன் கரைக்கும் திறன் பெரும்பாலும் அடர்த்தியைப் பொறுத்தது. 40 டிகிரியில் 100 பார் என்றால் ஒரு கன மீட்டருக்கு சுமார் 630 கிலோ, 300 பார் என்றால் சுமார் 910 கிலோ. 100 பாரிலேயே வைத்துக்கொண்டு 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அடர்த்தி 290 கிலோ அளவுக்குச் சரிந்துவிடும். 300 பாரில் அதே 20 டிகிரி ஏற்றம் அடர்த்தியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைக்கும்.

ஆக, ஹீட்டர் வெப்பநிலை அலாரத்துக்கு எல்லா நிலையிலும் ஒரே எடை கிடையாது. 300 பாரில் ஓடும்போது ஐந்து டிகிரி விலகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 100 பாரில் அதே விலகல் வந்தால் அந்த பேட்ச்சின் விளைச்சலே மாறிவிடும். இரண்டுக்கும் ஒரே வரம்பு வைத்திருக்கும் ஆலைகளில் ஆபரேட்டர்கள் அந்த அலாரத்தை மதிப்பதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அலாரம், ட்ரிப், இன்டர்லாக்

மூன்றையும் கலந்து பேசுவதால் வரும் குழப்பம் நிறைய. அலாரம் என்பது ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிவிப்பு. அலாரம் மேலாண்மைக்கான ஐஎஸ்ஏ 18.2, ஐஇசி 62682 ஆகிய தரநிலைகள் இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் அது அலாரமே இல்லை, வெறும் தகவல். ட்ரிப் என்பது யாரையும் கேட்காமல் இயந்திரம் தானே நின்றுவிடுவது. இன்டர்லாக் என்பது நிபந்தனை நிறைவேறாதவரை ஒரு செயலை அனுமதிக்காத பூட்டு. கலனுக்குள் அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்க விடாதது இதற்கு உதாரணம். இவற்றுக்கெல்லாம் அப்பால், மின்சாரமும் மென்பொருளும் இல்லாமலே வேலை செய்யும் பாதுகாப்பு வால்வும் வெடிதட்டும் (அழுத்தம் மீறினால் உடைந்து வழிவிடும் தகடு) இருக்கின்றன. அவை திறந்துவிட்டால், முன்னால் இருந்த அடுக்குகள் எல்லாம் தவறிவிட்டன என்று அர்த்தம்.

அறைக்குள் அடிக்கும் வாயு அலாரம் மட்டும் தனி

பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். அறையின் கார்பன் டை ஆக்சைடு சென்சார் அடித்தால் அங்கே நின்று காரணம் தேடக் கூடாது. முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். தேடல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வெளிக்காற்றில் இந்த வாயு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 5,000 பிபிஎம், பதினைந்து நிமிடத்துக்கு 30,000. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 40,000 பிபிஎம்மை உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறது. ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பநிலையில் அரை கன மீட்டருக்கும் சற்று அதிகமான வாயுவாக விரியும். நூறு கன மீட்டர் அறையில் பத்து கிலோ கசிந்தால் அதுவே 5 சதவீதம், அதாவது 50,000 பிபிஎம். பெரிய ஆலையின் சுற்றில் பத்து கிலோ என்பது கண்ணுக்கே தெரியாத அளவு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "ஆக்சிஜன் மீட்டர் 19.8 காட்டுகிறது, 19.5-க்குக் கீழே போனால்தானே ஆபத்து, சரி உள்ளே போகலாம்" என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தால் 20.9 சதவீத ஆக்சிஜன் 19.9-க்குத்தான் இறங்கும். அது 19.5-ஐத் தொடுவதற்குள் கார்பன் டை ஆக்சைடு 67,000 பிபிஎம் அளவுக்குப் போயிருக்கும். இந்த வாயு மூச்சை முட்டவைப்பதோடு நிற்பதில்லை. ரத்தத்தை அமிலமாக்கி நேரடியாகவே மயக்கும். ஆகவே ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறது என்று கார்பன் டை ஆக்சைடு சென்சாரை விட்டுவிட முடியாது.

காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் இது தரையோடு படரும், பள்ளங்களிலும் கேபிள் குழிகளிலும் தேங்கும். சென்சார் தாழ்வாக இருக்க வேண்டும். விழுந்து கிடப்பவரைத் தூக்க சுவாசக் கருவி இல்லாமல் ஓடுபவர் அவருக்குப் பக்கத்திலேயே விழுவார்.

முதலில் வந்தது எது?

சரி, அறையில் வாயு இல்லை, இயந்திரம் மட்டும் ட்ரிப் ஆகியிருக்கிறது. திரையில் பதினைந்து வரிகள் சிவப்பாக நிற்கின்றன. பம்ப் நின்றதால் ஓட்டம் போயிருக்கும். ஓட்டம் போனதால் ஹீட்டரில் வெப்பநிலை ஏறியிருக்கும். கலனில் அழுத்தம் இறங்கியிருக்கும், செப்பரேட்டரின் மட்டம் மாறியிருக்கும். பதினைந்தில் பதினான்கு விளைவுகளாக இருக்கலாம்.

1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பு இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. வெடிப்புக்கு முந்தைய கடைசி பதினோரு நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அலாரம் அமைப்புகளுக்கான ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டி, சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவைத்தான் ஏற்கத்தக்கது என்கிறது.

எனவே ரீசெட் பொத்தானைத் தொடும் முன் செய்ய வேண்டியவை:

1. அலாரம் பட்டியலை நேர வரிசைப்படி அடுக்கி, மிகப் பழைய வரியைக் கண்டுபிடியுங்கள். சில கட்டுப்பாட்டு அமைப்புகளே முதல் காரணத்தைத் தனியாகக் குறித்து வைக்கும்.
2. அந்த நேரத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தின் டிரெண்ட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அலாரம் வரம்பைத் தொட்ட கணத்தைவிட, கோடு எப்போது வளையத் தொடங்கியது என்பதுதான் பேசும்.
3. பம்ப் உறிஞ்சும் பக்கம், கலன், செப்பரேட்டர், கண்டென்சர் ஆகிய நான்கிலும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்து மறுபடி ஓட்டினால் இந்தத் தடயம் அழிந்துவிடும்.

நேர முத்திரையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இரண்டு அலாரங்கள் ஒரே விநாடியில் பதிவாகியிருந்தால், திரையில் மேலே இருப்பதுதான் முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. கட்டுப்பாட்டுக் கணினி உள்ளீடுகளை ஒரு சுற்றில் படிக்கும் வரிசையாலும் அப்படி அமையலாம்.

அழுத்தமும் வெப்பநிலையும்: எப்போதும் ஜோடியாக

திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடின் வெப்பநிலை தெரிந்தால் அழுத்தமும் தெரிந்துவிடும். இரண்டும் சுதந்திரமாக மாறுவதில்லை. சுமாரான எண்கள்: 0 டிகிரியில் 35 பார், 5 டிகிரியில் 40, 10 டிகிரியில் 45, 15 டிகிரியில் 51, 20 டிகிரியில் 57, 25 டிகிரியில் 64. இவை வெற்றிடத்திலிருந்து அளந்த முழு அழுத்தங்கள். கேஜ் (அழுத்தமானி) இவற்றைவிட 1 பார் குறைவாகக் காட்டும்.

இந்த ஆறு எண்களை எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது, தடித்த கையேட்டைப் புரட்டுவதைவிட அதிகம் உதவும். அளந்த ஜோடி பட்டியலோடு பொருந்தினால் அங்கே திரவமும் வாயுவும் சமநிலையில் இருக்கின்றன. பொருந்தவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள்: முழுக்கத் திரவமாகவோ முழுக்க வாயுவாகவோ இருக்கிறது, வேறு வாயு கலந்திருக்கிறது, அல்லது ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

"பம்ப் ஓட்டம் குறைவு"

அடிக்கடி வருவதும், தவறான இடத்தில் ஸ்பானர் வைக்கச் செய்வதும் இந்த அலாரம்தான். கார்பன் டை ஆக்சைடு கொதிக்கும் நிலைக்கு மிக அருகிலேயே பம்புக்குள் நுழைகிறது. தொட்டி 57 பாரில் இருக்கிறது, சில்லர் திரவத்தை 5 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5 டிகிரிக்கான ஆவி அழுத்தம், அதாவது திரவம் கொதிக்கத் தொடங்கும் அழுத்தம், 40 பார். ஆகவே பம்பின் வாயில் 17 பார் கையிருப்பு இருக்கிறது. பிளஞ்சர் (பம்புக்குள் முன்னும் பின்னும் நகரும் தண்டு) பின்னால் இழுக்கும்போது அழுத்தம் சற்று விழுந்தாலும் திரவம் திரவமாகவே நிற்கும்.

சில்லர் சோர்ந்து திரவம் 18 டிகிரியில் வருகிறது என்றால் ஆவி அழுத்தம் 55 பாருக்கு ஏறிவிடும். கையிருப்பு 2 பார்தான். ஒரு வடிகட்டி கொஞ்சம் அடைத்திருந்தாலே அது கரைந்துபோகும். திரவம் பம்பின் தலைக்குள்ளேயே கொதித்துக் குமிழாகும். பிளஞ்சர் குமிழை நசுக்கி விரித்துக்கொண்டே இருக்குமே தவிர எதையும் முன்னே தள்ளாது. ஓட்டம் விழும், வெளியேறும் அழுத்தம் ஆடும், பம்ப் கடகடவென்று சத்தம் போடும். பம்பில் ஒரு கோளாறும் இருக்காது.

தேடும் வரிசை:

1. உறிஞ்சும் பக்க வெப்பநிலைக்கு உரிய ஆவி அழுத்தத்தைப் பட்டியலில் பார்த்து, அங்கே இருக்கும் அழுத்தத்திலிருந்து கழியுங்கள். கையிருப்பு சில பார்தான் என்றால் பம்பை விட்டுவிட்டு சில்லரிடம் போங்கள்.
2. கோரியோலிஸ் வகை ஓட்டமானி இருந்தால் அதன் அடர்த்தி எண்ணைப் பாருங்கள். பம்புக்கு முன்னால், 5 டிகிரி திரவம் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு அருகே காட்ட வேண்டும். 700 என்று காட்டி ஆடிக்கொண்டிருந்தால் குமிழ் கலந்து வருகிறது. ஓட்டத்துக்காக வாங்கிய கருவி அடர்த்தியையும் அளக்கிறது என்பதே பல ஆலைகளில் மறந்துபோகிறது.
3. தொட்டியின் மட்டம், வடிகட்டியின் இரு பக்க அழுத்த வேறுபாடு, பாதி திறந்த வால்வு ஆகியவற்றைச் சரிபாருங்கள்.
4. இவையெல்லாம் சரியென்றால் இனி பம்பைச் சந்தேகிக்கலாம். பேக்கிங் (தண்டைச் சுற்றியுள்ள கசிவுத் தடுப்பு) அருகே வெண்பனி படிந்திருந்தால் அங்கே கசிவு. மூன்று பிளஞ்சர் பம்பில் ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்து, துடிப்பும் கூடியிருந்தால், ஒரு செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் வால்வு) சரியாக மூடவில்லை என்று யூகிக்கலாம்.

பம்பை நிறுத்திச் சற்று நேரம் கழித்து ஓட்டும்போது மட்டும் இந்த அலாரம் வருகிறதா? பம்பின் தலை சூடேறியிருக்கும், உள்ளே வரும் திரவம் அங்கேயே கொதிக்கும். தலையைக் குளிர்வித்துவிட்டு ஓட்டினால் போதும்.

"கண்டென்சர் அழுத்தம் அதிகம்"

முதல் சந்தேகம் குளிர்நீரின் மேல் போவது இயல்பு. அதைச் சோதித்த பின்னும் அலாரம் நிற்கவில்லை என்றால் பட்டியலை எடுங்கள். கண்டென்சரில் திரவம் 10 டிகிரியில் இருக்கிறது, ஆகவே 45 பார் இருக்க வேண்டும். இருப்பதோ 52. இரண்டு சென்சாரும் சரியென்றால் மிச்சம் 7 பார் யாருடையது? பெரும்பாலும் காற்றினுடையது.

பேட்ச் மாற்றக் கலனைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே காற்று புகுகிறது. சரியாக வெளியேற்றாமல் மூடிவிட்டால் அது சுற்றோடு போய், குளிர்ந்து திரவமாக முடியாமல் கண்டென்சரின் மேற்பகுதியில் ஒதுங்கும். ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதனால்தான் இந்த அலாரம் வாரத் தொடக்கத்தில் வராமல் வாரக் கடைசியில் வரும். தீர்வு எளிது: கண்டென்சரின் மேல் வால்வைக் கொஞ்சம் திறந்து வெளியேற்றலாம். நிரந்தரத் தீர்வு கலனை நிரப்பும் முறையில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வாயுவை முழு அழுத்தம் 5 பார் வரை ஏற்றி 1 பாருக்கு இறக்கினால் காற்றின் பங்கு ஐந்தில் ஒன்றாகும். இன்னொரு முறை செய்தால் இருபத்தைந்தில் ஒன்று.

இதற்கு வாயுவைத்தான் விட வேண்டும், திரவத்தை அல்ல. 5.2 பாருக்குக் கீழே திரவக் கார்பன் டை ஆக்சைடு என்ற ஒன்றே கிடையாது. வெறும் கலனுக்குள் திரவத்தைத் திறந்துவிட்டால் அது உலர்பனியாக (திடக் கார்பன் டை ஆக்சைடாக) மாறிக் குழாய் வாயில் கெட்டிப்படும்.

அடைப்பு: எந்த அடைப்பு?

வால்வு நகர்கிறது, ஓட்டம் இல்லை, மேற்பக்கம் அழுத்தம் ஏறுகிறது. உடனே "உலர்பனி கட்டிவிட்டது" என்பார்கள். பல நேரம் அது அப்படி இருக்கவே முடியாது. அடைப்பில் மூன்று வகை உண்டு. இடத்தை வைத்தே எது என்று சொல்லிவிடலாம்.

1. உலர்பனி. திடம், திரவம், வாயு மூன்றும் சந்திக்கும் மும்மைப் புள்ளி 5.2 பார், மைனஸ் 56.6 டிகிரி. அழுத்தம் அதற்குக் கீழே இறங்கும் இடத்தில்தான் விரியும் திரவம் உலர்பனியாகும். அதாவது வெளியேற்றும் குழாயிலும், கலனைக் காலி செய்யும் கடைசிக் கட்டத்திலும். செப்பரேட்டர் 55 பாரில் ஓடிக்கொண்டிருந்தால், 300 பாரில் 40 டிகிரியிலிருந்து விரியும் கார்பன் டை ஆக்சைடு திரவமும் வாயுவுமாகப் பிரிந்து சுமார் 18 டிகிரியில் நின்றுவிடும். அந்த வால்வுக்குள் உலர்பனி வர வழியே இல்லை.
2. ஹைட்ரேட். தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் அழுத்தத்தில் சேர்ந்து உறையும் பனி போன்ற திடப்பொருள். தண்ணீர் 0 டிகிரியில்தான் உறையும் என்ற பழக்கத்தில் இதைத் தவறவிடுகிறோம். 45 பாரில் இது 10 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருவாகும். சில்லரில் 5 டிகிரி வைத்திருக்கிறோம் அல்லவா, இது தேடி வரும் இடம் அதுதான். ஈரமான மூலப்பொருள் போட்ட பேட்ச்சுக்குப் பிறகு சில்லரிலோ பம்பின் வடிகட்டியிலோ அடைப்பு வந்து, இயந்திரத்தை நிறுத்தி வெதுவெதுப்பானதும் தானாகவே மறைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். மூலப்பொருளைக் காயவைப்பதும், செப்பரேட்டரின் அடியிலிருந்து தண்ணீரை ஒழுங்காக வடிப்பதும்தான் மருந்து.
3. மெழுகும் சாறும். கட்டுப்பாட்டு வால்வு, செப்பரேட்டரின் நுழைவாயில் ஆகிய இடங்களில் அழுத்தம் விழுந்ததும் கரைந்தது வெளியே வந்து ஒட்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் அலாரம் வந்தால் இதுதான். வால்வின் சூட்டு உறை வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

வெளிப்புறப் பனியும் ஒரு தடயம். கட்டுப்பாட்டு வால்வுக்குப் பின்னால் குழாயின் மேல் வெண்பனி படிந்திருக்கிறது என்றால் உள்ளே 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கிறது. அப்படியானால் அங்கே அழுத்தம் 35 பாருக்குக் கீழே இறங்கியிருக்கிறது. செப்பரேட்டரின் அழுத்தம் ஏன் விழுந்தது என்று தேடுங்கள், வால்வு தானாகச் சரியாகும்.

எந்த அடைப்பையும் சுத்தியலால் தட்டிக் கலைக்கக் கூடாது. பின்னால் அழுத்தம் இருக்கும் அடைப்பு விடுபடும்போது தோட்டா மாதிரிப் பாயும். மெதுவாகச் சூடேறவிட வேண்டும். இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே சிக்கிய திரவத்தைச் சூடாக்குவது அதைவிட மோசம். 0 டிகிரியில் முழுக்கத் திரவம் நிரம்பிய குழாய்த் துண்டு 20 டிகிரிக்கு வந்தாலே அழுத்தம் 35 பாரிலிருந்து 150 பாருக்கு மேல் எகிறிவிடும். சூடாக்கும் முன் அந்தத் துண்டுக்குப் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

பொய் சொல்லும் சென்சார்கள்

அழுத்தம், வெப்பநிலை சென்சார்கள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகச் செய்தி அனுப்புகின்றன. 0 முதல் 400 பார் வரை அளக்கும் கருவியில் 4 என்றால் பூஜ்யம், 12 என்றால் 200 பார். பூஜ்யத்துக்கும் 4 மில்லிஆம்பியர் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: கம்பி அறுந்தால் மின்னோட்டமே இருக்காது, அழுத்தம் இல்லை என்பதோடு அது குழம்பிவிடக் கூடாது. 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் கருவியின் கோளாறு என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். எனவே "அழுத்தம் மிகக் குறைவு" அலாரம் ஒரு நொடியில் செங்குத்தாக விழுந்து வந்திருந்தால் முதலில் கம்பியையும் இணைப்புப் பெட்டியையும் பாருங்கள்.

இதைவிட ஆபத்தானது அசையாத எண். ஓடும் இயந்திரத்தில் எந்த அளவும் கொஞ்சமாவது ஆடும். பக்கத்தில் உள்ளவை எல்லாம் ஆட, ஒன்று மட்டும் நேர்கோடாகப் போனால் சென்சாருக்குப் போகும் சின்னக் குழாய் மெழுகால் அடைத்திருக்கலாம்.

கலனைத் திறக்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடும். காலி செய்யும் குழாயில் உலர்பனி அடைத்து, அந்த அடைப்புக்கு அப்பால் சென்சார் இருந்தால் திரை பூஜ்யம் காட்டும், இன்டர்லாக்கும் "சரி, திற" என்று அனுமதிக்கும். உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடிக்குப் பின்னால் வெறும் 5 பார் மிச்சமிருந்தாலும் அதைத் தள்ளும் விசை ஆறு டன்னுக்கு மேல். ஒரு சென்சாரை நம்பித் திறக்கவே கூடாது. கலனோடு நேரடியாக இணைந்த தனி கேஜும் பூஜ்யம் காட்ட வேண்டும், வெளியேற்றும் வால்வு திறந்த நிலையில் குழாய் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும்.

அவசரமாக அழுத்தத்தை இறக்குவதற்கு இன்னொரு விலையும் உண்டு. ரப்பர் ஓ-ரிங்குகளுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஊடுருவிக் கரைந்திருக்கும். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைப்பது மாதிரி, அழுத்தம் சட்டென்று போனதும் அது ரப்பருக்குள்ளேயே குமிழாகி வெடிப்பு விடும். அடுத்த பேட்ச்சில் வரும் "மூடி கசிவு" அலாரத்துக்குக் காரணம் பல நேரம் முந்தைய பேட்ச்சின் அவசரம்.

அடிக்கடி அடித்து ஓயும் அலாரங்கள்

வரம்பை ஒட்டியே ஓடும் ஒரு அளவு நிமிடத்துக்கு நான்கு முறை அலாரம் எழுப்பி ஓய்ந்தால், யாராவது அதை அணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் வரம்பை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. அலாரம் 320 பாரில் வந்தால் 315-க்கு இறங்கும்வரை அடங்காது என்று ஒரு இடைவெளி வைக்கலாம். ஓட்டம் போன்ற ஆடும் அளவுகளுக்குச் சில விநாடி தாமதம் வைக்கலாம். பம்ப் நின்றிருக்கும்போது "ஓட்டம் குறைவு" என்று கத்த வேண்டியதில்லை என்பதையும் நிரலில் எழுதிவிடலாம்.

ட்ரிப்பும் இன்டர்லாக்கும் வேறு கதை. அவற்றின் வரம்பு கலனின் வடிவமைப்பு அழுத்தத்தோடும் பாதுகாப்பு வால்வின் திறப்போடும் கணக்கிட்டு வைக்கப்பட்டது. இரவுப் பணியில் பேட்ச்சை முடிக்க வேண்டும் என்று ஒரு கம்பியால் குறுக்கிணைத்துத் தாண்டுவது, அந்தக் கணக்கை எழுதியவரைக் கேட்காமலே திருத்துவது. சோதனைக்காகத் தாண்டியே தீர வேண்டும் என்றால் எழுத்தில் அனுமதி, யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு முடிகிறது, அதுவரை அந்த அளவை யார் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது ஆகிய நான்கும் பணிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அடுத்த பணிக்கு வருபவர் கையெழுத்திடாமல் பொறுப்பு கைமாறக் கூடாது.